மற்ற எல்லாரும் என்று போட்ட கையெழுத்து

ஹெர்னோசாண்ட், மார்ச் 22

அன்புள்ள எஸ்கிலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெலிங்டன் காற்றில் சளி பிடிக்காமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பாவின் முழங்காலைக் கேட்டிருந்தாய், பரவாயில்லை, ஆனால் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பரணில் தூக்கிப் போட்ட நாளிலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறார். என் ஆபீஸ் எப்படிப் போகிறது என்றும் கேட்டிருந்தாய். சீ என்று இருக்கிறது கண்ணு. அவர்களை நினைத்தாலும் சீ, என்னை நினைத்தால் அதைவிடச் சீ.

எங்கள் தண்ணீர் வாரிய அலுவலகத்தின் காபி அறை உனக்குத் தெரியும். ஒன்பதரைக்கு எட்டு பேரும் கூடுவோம், மெழுகுவத்தி ஏற்றுவோம், ஏலக்காய் பன்னைக் கடித்துக்கொண்டு வானிலை பேசுவோம். மனதில் இருப்பதை மட்டும் பேசமாட்டோம், அதற்குத்தான் சுவரில் ஒட்டுகிற சீட்டு இருக்கிறதே. கழுவாத கோப்பைக்கு ஒன்று, தீர்ந்துபோன பாலுக்கு ஒன்று, எதிலும் எழுதியவர் பெயர் இருக்காது. ஜனவரி கடைசியில் அங்கே குளிர்பெட்டியைத் திறந்தால் குடலைப் பிரட்டியது. யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியில் இறால் சாலட், மூடியைத் தள்ளிக்கொண்டு பச்சைப் பூசணம், அதிலிருந்து வழிந்த தண்ணீர் என் தயிர்க் கிண்ணத்தின் மேல். எனக்கு வந்த அருவருப்பில் நேராகப் போய்ப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு அடித்தேன். பெட்டிக்காரருக்கு, உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை, உங்கள் அழுக்கை நாங்கள் மோந்து பார்க்க வேண்டுமா, வெட்கமாக இல்லையா என்று எழுதி, கீழே, இப்படிக்கு மற்ற எல்லாரும் என்று போட்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று லேமினேட் வேறு செய்து கதவில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன், அதை நினைத்தால்தான் இப்போது தொண்டையில் கசக்கிறது.

அது குன்வோரின் பெட்டி. பதினாலு வருஷமாக என் எதிர் மேசையில் உட்காருகிறவள், நீ பள்ளி முடித்தபோது விழாவில் போட உனக்கு வெள்ளைத் தொப்பி வாங்க என்னோடு கடை கடையாக அலைந்தவள். அவள் புருஷன் சூனேக்குப் பக்கவாதம் வந்து, இவள் இங்கே சாப்பிட உட்கார்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது, பெட்டியை அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டு சுந்ஸ்வாலுக்கு ஓடியிருக்கிறாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவள் கண்ணில் முதலில் பட்டது என் சீட்டு. பெட்டியைக் கழுவினாள், அன்றிலிருந்து காபிக்கு வரவில்லை, ஊருக்கு வெளியே பம்பு நிலையத்துக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். அங்கே அவளைத் தவிர ஆள் கிடையாது. சூனேயைப் பற்றி எனக்கே போன மாதம் மளிகைக் கடையில் அவள் நாத்தனார் சொல்லித்தான் தெரியும். கண் வீங்கி வந்தவளிடம் ஒரு நாள் என்ன ஆச்சு என்று கேட்டிருப்பேனா? அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாதாம். எதிரே இருக்கிறவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் மரியாதை, கருமம்.

இதற்குள் எங்கள் மேலாளர் ஹென்ரிக்குக்கு ஏதோ சரியில்லை என்று உறைத்து, தன்னை அறிவது மனம் திறந்து பேசுவது என்று ஒரு நாள் பயிற்சிக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து ஆளைக் கூட்டி வந்தார். கேள்வித்தாளை நிரப்பினால் நம் குணத்துக்கு ஒரு நிறம் சொல்வானாம். நான் பச்சையாம், சமாதானப் பிரியையாம், எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சக ஊழியரிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள் என்றான். உன் பன் ருசி, உன் சட்டை அழகு என்று ஆளுக்கொரு சர்க்கரைத் துண்டு போட்டார்கள். என் முறை வந்தது, குன்வோர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் காபி மெஷினைப் பாராட்டினேன். உன் அம்மாவின் லட்சணம் அதுதான்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் அவள் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கிட்டே போய், சீட்டு எழுதியது நான்தான் என்றேன். நிமிரக்கூட இல்லை. "தெரியும். லேமினேட் மெஷின் உன் மேசைலதானே இருக்கு. எல்லாருக்குமே தெரியும்" என்றாள். ஆறு வாரம் அவளுக்கும் தெரிந்து மற்ற அத்தனை பேருக்கும் தெரிந்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்காகவா ஆபீஸையே விட்டுப் போகிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "உன் பேரை மட்டும் போட்டிருந்தா உன்னைத் திட்டிட்டு மறந்திருப்பேன் பிர்கிட்டா. எல்லாரும்னு போட்டே. அப்புறம் யார்கூட உக்காந்து காபி குடிக்கிறது?"

மறுநாள் ஒன்பதரைக்கு அவளைக் கெஞ்சிக் கூட்டி வந்து எழுந்து நின்று சொன்னேன், நான்தான் எழுதினேன், யாரையும் கேட்காமல் உங்கள் பெயரைப் போட்டேன் என்று. ஹென்ரிக் தொண்டையைக் கனைத்து உங்கள் திறந்த மனதுக்கு நன்றி என்றார், அந்த ஆளை என்ன செய்வது. கணக்குப் பிரிவு ஓலே மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, சீட்டைப் பார்த்துத் தானும் சிரித்ததாகச் சொன்னான். பிறகு குன்வோர் எல்லாரையும் பார்த்து, சூனேக்கு இனிப் பேச்சு வராதாம் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு ஆறு வாரம் நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

மாற்றல் மாறவில்லை, கையெழுத்தாகிவிட்டது. போன திங்கட்கிழமை முதல் எனக்கு எதிரே காலி மேசைதான். வியாழக்கிழமை பம்பு நிலையத்துக்குப் போனேன், உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை, ஆனால் நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள். ஒருவரிடம் உனக்கு மனக்குறை இருந்தால் நேரே போய் நான் என்று சொல் கண்ணு, அதற்கு முன்னால் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேள், என்னைப் பார்த்தாவது கற்றுக்கொள்.

நீ நல்லபடியாக நீடூழி வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பல் டாக்டரிடம் போக மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போன் போடாதே, வீட்டில் இருக்கமாட்டேன். பம்பு நிலையத்திலிருந்து நான் கிளம்பும்போது குன்வோர், "வர்றதா இருந்தா ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா. அவருக்கு ஷேவ் பண்ணிவிடணும், எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

பிரியமுள்ள அம்மா,
பிர்கிட்டா