எலுமிச்சைக்கு விடாத கறை

1961 டிசம்பர் 10

இல்லை, குளிர்தான் என்று நானும் சொன்னேன். ராகலைத் தேயிலை மலைப் பனியில் யாருடைய விரல்தான் வெளுக்காது? ஆனால் அக்காவுக்கு அடுப்பருகிலும் வெளுக்கிறது. வலது கையில் மூன்று விரல்கள், சுண்ணாம்பு போல. சற்று நேரத்தில் நீலம்.

"அடுத்தவங்க கையவே பாத்துக்கிட்டு இருக்கத்தான் பேராதனைக்குப் போயி படிச்சியா?"

என்று கேட்டு அக்கா சிரித்தாள். சிரிக்கும்போதும் முதுகைச் சொறிந்துகொண்டாள்.

டிசம்பர் 27

சாயங்காலமானால் அக்காவுக்குக் காய்ச்சல். காலையில் தலையணை நனைந்திருக்கிறது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு மட்டும் தவறுவதில்லை. தையில் அவளுக்குக் கல்யாணம்.

1962 ஜனவரி 21

கல்யாணத்துக்கு முன் பெண்ணின் விரல்களிலிருந்து கொழுந்துக் கறையை எடுப்பது எங்கள் லயத்து வீடுகளின் வழக்கம். தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் பெண்கள் கூடினார்கள். எலுமிச்சை, சாம்பல், தேங்காய் நார். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் காளியாயிதான் தேய்த்தாள்.

"மாப்பிள்ள கையப் புடிச்சா கொழுந்து வாடை அடிக்கக் கூடாதுடி."

மற்ற விரல்களில் கறை விட்டது. அந்த மூன்றின் நுனி மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"நல்லா அமுக்கித் தேய்ங்க அத்த. எனக்கு ஒண்ணுமே தெரியல," என்றாள் அக்கா.

"வெக்கத்துல மரத்துப்போச்சு போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். தோல் உரிந்து நாரில் ஒட்டிக்கொண்டது. இரத்தம் வரவில்லை.

ஏன் வரவில்லை?

அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஜனவரி 24

கண்டி ஆஸ்பத்திரி. டொக்டர் துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். விரல்களைப் பார்த்த கையோடு அக்காவின் கழுத்தைத் தடவினார். காதுக்குக் கீழே, கூந்தல் மறைவில், நெல்லிக்காயளவு கட்டிகள். வலிக்காததால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"இது விரலின்ர வருத்தமில்லை, பிள்ளை. கழுத்து நெறிக்கட்டியில புற்று இருக்குமோ எண்டு யோசிக்கிறன். அதாலதான் விரலுக்கு இரத்தம் போகேல்லை. முதல் விரலில காட்டுறது சரியான அபூர்வம். ஒரு கட்டியை வெட்டிப் பாப்பம்."

கறையாம். கறைன்னு தேச்சோமே. சிரிச்சுக்கிட்டே தேச்சோமே, ஐயோ.

பெப்ரவரி 11

புற்றுதான். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாளைத் தள்ளவில்லை, பெண்ணை மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 18

தூக்கத்தில் கொழுந்து கிள்ளுகிறாள். போர்வையின் மேல், இல்லாத விரல்களால். விழித்ததும் கேட்டாள்:

"அந்த ரெண்டும் இன்னமும் குளுருதுடி. எங்க கொண்டுபோயிப் போட்டாங்க?"

நான் போர்வையை இழுத்து மூடினேன். எதை மூடினேன்?

ஜூன் 3

நெஞ்சுக்குள்ளும் கட்டி. இருமல்.

ஜூலை 9

அக்கா இல்லை.

செப்டம்பர் 2

இங்கே யார் கையைப் பார்த்தாலும் விரல் நுனி கறுப்பு. மலை முழுக்க. எது கறை?

1963 ஜனவரி 20

காளியாயியின் மகள் மீனம்மாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பீலிக்கரையில் எலுமிச்சையை அறுத்து வைத்துவிட்டார்கள். ஒருத்தியும் தொடவில்லை. மீனம்மா ஈரக் கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். காளியாயி என் காம்பராவுக்கே வந்துவிட்டாள்.

"என் கையால முடியாது தாயி. நீ வந்து பாரு."

போனேன். மீனம்மாவின் விரல்களைப் பார்க்கவில்லை. பின்னலை ஒதுக்கி, முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். காதுக்குக் கீழே. தாடைக்கு அடியில். தோள் குழியில்.

"கூசுதுக்கா," என்று நெளிந்தாள்.

ஒன்றுமில்லை.

பிறகு எலுமிச்சையை எடுத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு விரலுக்கும், வலிக்கிறதா என்று கேட்டேன்.