புள்ளிக் காகிதம்

விருதுநகர்
14.7.2024

அன்புள்ள சீனி,

இங்கே நாங்கள் நலம். ரோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. தாத்தா ஆனதற்கு வாழ்த்துகள். நான் சொல்லச் சொல்ல எழுதுவது பேச்சிதான். எழுத்து கோணலாக இருந்தால் அவளைக் கோபித்துக்கொள். விஷயம் கோணலாக இருந்தால் என்னை.

போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லிவிடுவாய். எழுத்தில் அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவாய் என்று ஒரு நம்பிக்கை.

கண்ணழுத்தத்தில் பார்வை போய் எட்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு உங்கள் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் பிரிவில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தது உனக்குத் தெரியும். எல்லாத் தாளும் தேறிவிட்டேன், தமிழக வரலாறு ஒன்றைத் தவிர. இரண்டு முறை போய்விட்டது. வருகிற மே மாதமும் போனால் என் பதிவு காலாவதி. அறுபத்தொரு வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தெம்பில்லை.

ஏன் போகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். செல்போன் வாசிக்க, நான் கேட்டுத்தான் படிக்கிறேன். அது பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்பது போல. கேட்கும்போது எல்லாம் தெரிந்த பாட்டுதான். மறுநாள் இரண்டாவது வரி என்ன என்று கேட்டால் வராது. விரலால் தடவிப் படித்தால் அப்படியில்லை. அந்தப் பெயர் பக்கத்தின் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பதுகூட விரலுக்கு நினைவிருக்கும்.

எனக்குப் பிரெயில் சொல்லிக் கொடுத்த ராம்குமார் உங்கள் நூலகத்தில்தான் பதினொரு வருஷத்துக்கு முன் படித்தவன். தமிழக வரலாற்றுப் பாடநூல் பிரெயிலில் ஆறு தொகுதி, இரண்டாவது மாடியில் பூட்டிய அறையில் இருக்கிறது என்கிறான். நூலகத்துக்கு மூன்று முறை விண்ணப்பம் அனுப்பினேன். பதில் இல்லை. நான்காவதாக உனக்கு எழுதுகிறேன். நீ அங்கே துணை நூலகர் என்பதற்காக அல்ல. நாற்பது வருஷமாக நான் கடிதம் எழுதினால் பதில் போடுகிற ஒரே ஆள் நீதான் என்பதற்காக.

ஒரு பக்கம் படிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆகும். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

உன்
ஜெயச்சந்திரன்

(அண்ணே, மதினியக் கேட்டதாச் சொல்லுங்க. இவுக வரலாறு வரலாறுன்னு என் உசுர வாங்குறாக. புத்தகத்தக் குடுத்துப் புண்ணியம் கட்டிக்கோங்க. – பேச்சியம்மாள்)


பல்கலைக்கழகக் குடியிருப்பு
2.8.2024

அன்புள்ள ஜெயச்சந்திரா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இத்தனை நாள் நீயாகக் கேட்காமல் நானாகச் செய்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் என் நூலக அட்டையைத் தொலைத்துவிட்டு இரண்டு வருஷம் உன் அட்டையில் புத்தகம் எடுத்துப் படித்தவன் நான். அந்தக் கதையை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. செப்டம்பரில் ஆய்வுக் குழு வருகிறது. அவர்கள் கேட்கிற முதல் கேள்வியே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்ன வசதி என்பதுதான். அதனால் மேல்மாடி அறை ஒன்றைக் காலி செய்து, குளிர்சாதனம், பேசும் கணினி எல்லாம் வைத்து, சேவை மையம் திறக்கிறோம். உன்னைப் போன்றவர்களுக்குத்தான். தொலைநிலை மாணவர்களுக்கு இரவல் இல்லை என்ற விதியையும் மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

உன் ஆறு தொகுதியை நான் கவனித்துக்கொள்கிறேன். குழு வந்து போகட்டும்.

அன்புடன்
சீனிவாசகம்


விருதுநகர்
20.9.2024

அன்புள்ள சீனி,

புதன்கிழமை உன் நூலகத்துக்கு வந்திருந்தேன். நீ விடுப்பு என்றார்கள். சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும், என் தப்புதான். குழு போய்விட்டது என்று தினசரியில் பேச்சி வாசித்தாள். உடனே பஸ் ஏறிவிட்டோம்.

வாசலில் புதிதாகச் சாய்தளம் கட்டியிருக்கிறீர்கள். நல்ல காரியம். குழுவை வரவேற்க வைத்த பூந்தொட்டிகள் வரிசையாக அதன் மேல்தான் இருக்கின்றன. என் கைத்தடி அவற்றை எண்ணியது. ஒன்பது. படியேறிப் போனோம்.

உறுப்பினர் படிவம் கொடுத்தார்கள். பேச்சி நிரப்பினாள், நான் கையெழுத்துப் போட்டேன். "சார், கையெழுத்து பெட்டிக்கு வெளிய போயிருச்சு. செல்லாது" என்றது கவுன்டரில் இருந்த பெண். இன்னொரு படிவம். அதுவும் வெளியே. மூன்றாவதும் அப்படியே. பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அவுகளுக்குப் பெட்டி தெரிஞ்சா இம்புட்டுத் தூரம் எதுக்கு வாறாக?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் சிரித்தது. நல்ல பிள்ளைதான். ஆனாலும் படிவத்தை வாங்கவில்லை.

அந்தப் பெண்ணே புதிய மையத்துக்கு அழைத்துப் போனது. குளிர்சாதனம் நன்றாக இருக்கிறது. நாற்காலி மெத்தென்று இருக்கிறது. கணினியின் கடவுச்சொல் தெரிந்தவர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம், எப்போது வருவார் என்று தெரியாதாம். உனக்கு ஒரு உதாரணம் சொல்லலாம் என்று பார்த்தேன். இது ஒன்றுக்கு உதாரணமே தேவையில்லை.

பிரெயில் தொகுதிகளைக் கேட்டேன். "அது இந்த ரூம்லதான் சார் இருந்துச்சு. இப்பதான் சென்டர் வந்திருச்சே" என்றது.

அங்கே இருந்தது இப்போது எங்கே இருக்கிறது சீனி? அதைத் தெரிந்துகொண்டால் போதும். வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தோம். பேச்சிக்கு இன்னும் கால் வலி.

உன்
ஜெயச்சந்திரன்


பல்கலைக்கழகக் குடியிருப்பு
6.10.2024

அன்புள்ள ஜெயச்சந்திரா,

நீ வந்தபோது நான் இல்லாமல் போனது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பூந்தொட்டிகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். கையெழுத்து விஷயத்தையும் பேசுகிறேன்.

தொகுதிகள் பைண்டிங்குக்குப் போயிருக்கின்றன. தையல் விட்டுப்போயிருந்தது. ஜனவரிக்குள் வந்துவிடும். கவலைப்படாதே.

தங்கச்சியின் காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்.

அன்புடன்
சீனிவாசகம்


விருதுநகர்
1.12.2024

அன்புள்ள சீனி,

எம். புதுப்பட்டியில் என் மச்சினன் முனியராஜ் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். போயிருந்தோம். தீபாவளி முடிந்து மூடியிருந்த பட்டாசுக் கம்பெனிகள் திறந்துவிட்டன. அவன் மகள் மாரிசெல்வி விசேஷ வீட்டிலும் ஒரு மூலையில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். மருந்தெல்லாம் கம்பெனியில்தான். வெறுங்குழாயை வீட்டில் சுற்றிக் கொடுக்கலாம். கழிவுக் காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சும்மா இருக்கிற கை என்று எனக்கும் ஒரு கம்பியைக் கொடுத்தாள். அவள் பேசியதை அப்படியே எழுதச் சொல்கிறேன்.

"மாமா, இந்த லோடு காயிதம் நல்ல கெட்டி. ஆனா எந்தக் கிறுக்கனோ பூராவும் ஊசியால குத்தி வச்சிருக்கான். பசை சரியாப் பிடிக்க மாட்டேங்குது. கம்பெனியில என்னைய வைதாக."

நான் ஒரு தாளை எடுத்தேன். அந்தக் கிறுக்கன் என்ன குத்தியிருந்தான் தெரியுமா? எழுத்துகள். ஓரத்தில் தொட்டேன், பக்க எண் இருந்தது. அவள் சுற்றிப் போட்டிருந்த குழாய் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே தடவினேன். "பெருங்குளம் ஒன்றை வெட்டுவித்தவர்" என்று வந்தது. அங்கே தாள் வளைந்து உள்ளே போய்விட்டது. யார் வெட்டுவித்தார் என்பது உள்சுற்றில் இருக்கும், அல்லது வேறு குழாயில்.

நான் அந்தக் குழாயையே தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பேச்சி வந்தாள். கட்டின் அடியில் கிடந்த அட்டையை எடுத்து வாசித்தாள். உங்கள் நூலகத்தின் முத்திரை. இரண்டாம் தொகுதி. பைண்டிங் செய்கிற ஊர் எம். புதுப்பட்டி என்று எனக்கு இதுவரை தெரியாது.

மாரிசெல்விதான் பாவம். "மாமா, நீங்க படிக்கிறதா இது? எனக்குத் தெரியாதே மாமா. ரெண்டு வாரமா இதத்தான சுத்துறேன்" என்று அழுதுவிட்டது. அவளுக்கு என்ன தெரியும்? மிச்சமிருந்த தாளையெல்லாம் கட்டிக் கொடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்று பக்கம். ஆறு தொகுதியில் அவ்வளவுதான் மிச்சம்.

நான் சத்தம் போடவில்லை. இருபத்தொன்பது வருஷம் பிள்ளைகளிடம் சத்தம் போட்டுப் பார்த்தவன், அதில் ஒன்றும் நடக்காது என்று தெரியும். தப்புச் செய்த பையனிடம் நான் கேட்பது ஒரு கேள்விதான். உன்னிடமும் அதையே கேட்கிறேன். நடந்தது என்ன?

ஜெயச்சந்திரன்


பல்கலைக்கழகக் குடியிருப்பு
22.12.2024

ஜெயச்சந்திரா,

மூன்று வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கழிவு செய்யும் பட்டியலில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். பதினோராவது பக்கத்தில் "பிரெயில், ஆறு தொகுதிகள்" என்று தெளிவாக இருந்தது. காரணம் என்ற இடத்தில், "பதினொரு ஆண்டுகளாக எவரும் இரவல் பெறவில்லை" என்று எழுதியிருந்தார்கள். இரவல் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ராம்குமாருக்குப் பிறகு ஒரு பெயர்கூட இல்லை. அறையைப் பூட்டி வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறோம்.

உன் கடிதம் அதே மேஜையின் இழுப்பறையில்தான் இருந்தது. பார்க்காமல் போட்டேன் என்று சொல்லத்தான் முதலில் எழுதினேன். கிழித்துவிட்டேன். பார்த்தேன். பேனா நின்றது. கீழே லாரி நின்றுகொண்டிருந்தது, அறை மாலைக்குள் காலியாக வேண்டும் என்று மேலேயிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஜெயச்சந்திரன் ஒருவன்தானே, அவனுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நீ வந்த அன்று எனக்கு விடுப்புமில்லை. உள்ளே இருந்தேன். தங்கச்சி கேட்டது என் அறை வரை கேட்டது.

இப்போது நடந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டு நூலகக் குழுவுக்கு அனுப்பினால், புதிய தொகுதிகள் வாங்க வழி பிறக்கலாம். பிறக்காமலும் போகலாம். எனக்கு மே மாதம் ஓய்வு. தணிக்கையில் மாட்டினால் ஓய்வூதியம் எல்லாம் நின்றுவிடும். எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் அனுப்புகிறேன்.

சீனிவாசகம்


விருதுநகர்
5.1.2025

அனுப்புநர்
மா. ஜெயச்சந்திரன்,
எம்.ஏ. வரலாறு, தொலைநிலைப் பிரிவு.

பெறுநர்
துணை நூலகர் அவர்கள்,
பல்கலைக்கழக நூலகம்.

பொருள்: பிரெயில் நூலைப் பதிந்து இரவல் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழக வரலாற்றுப் பாடநூலின் பிரெயில் பதிப்பு, இரண்டாம் தொகுதி, நூற்று நாற்பத்து மூன்று பக்கங்கள் என்னிடம் உள்ளன. பக்க எண்களைத் தடவிப் பார்த்து நானே வரிசைப்படுத்தி நூலால் தைத்திருக்கிறேன். அறுபத்தொன்று முதல் அறுபத்து நான்கு வரை பசை பட்டிருக்கிறது, படிக்கலாம். குளம் வெட்டுவித்தவர் பெயருள்ள பக்கம் இதில் இல்லை.

இந்நூலை ஜனவரி இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் கொண்டுவந்து நூலகத்தில் ஒப்படைக்கிறேன். தாங்கள் அதற்கு ஒரு எண் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவுடன் அதை எனக்கே இரவலாகத் தர வேண்டும். இரவல் பதிவேட்டில், பதினொரு ஆண்டுகளாக வெறுமையாக உள்ள பக்கத்தில், ராம்குமார் என்ற பெயருக்குக் கீழே என் பெயரையும் தேதியையும் தாங்களே எழுத வேண்டும். தாங்கள் அன்று விடுப்பில் இருக்க வேண்டாம்.

மே மாதத் தேர்வை இந்தப் பக்கங்களைக் கொண்டு எழுதுகிறேன். இதில் உள்ள கேள்விகள் வந்தால் தேறுவேன். தேர்வு முடிந்ததும் நூலைத் திருப்பித் தருவேன். நான் தவறினால் அபராதம் விதிக்கலாம். அதையும் பதிவேட்டில் எழுதலாம். எனக்குப் பின்னால் யாராவது வருவார்கள். அப்போது பட்டியல் எடுப்பவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் வெறுமையாகத் தெரியக் கூடாது.

உறுப்பினர் படிவம் இத்துடன் உள்ளது.

இப்படிக்கு
மா. ஜெயச்சந்திரன்
வாசகர்

(அண்ணே, இது நான் எழுதுறது. மேல உள்ளத அவுக சொல்லச் சொல்ல எழுதினேன். 'அன்புள்ள சீனி'ன்னு நான் பாட்டுக்கு ஆரம்பிச்சேன். வேண்டாம், கிழின்னுட்டாக. அந்த ஒப்புதல் காயிதத்த நீங்க அனுப்ப வேண்டாம்னு என்னையச் சொல்லச் சொன்னாக. 'அத எழுதினா தணிக்கைக்காரன்தான் படிப்பான், நான் படிக்க முடியுமா?'ன்னாக.

படிவத்துல கையெழுத்து மட்டும் அவுகளே போட்டாக. நாலு படிவம் வீணாப் போச்சு. இது அஞ்சாவது. இதுலயும் கடைசி எழுத்து கொஞ்சம் வெளிய போயிருச்சு, அண்ணே. அதுக்காகத் திருப்பி அனுப்பிராதீக.)