மீதிய நாளைக்குச் சொல்றேன்

சிட்டு,

அம்மா எழுதறேன். நீ இருக்கிற இடத்துல வெயிலா மழையான்னு தெரியாம எப்படி நலம் விசாரிக்கிறது? எழுத்துக் கோணலா இருந்தா, முறுக்குச் சுத்தற கை வேற எப்படி எழுதும்னு நினைச்சுக்க. சேதி ஒண்ணு சொல்லணும். சொல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது போல இருக்குது.

ஆட்டையாம்பட்டி ரோட்டோரத்துல மாப்பிள்ளை உனக்கு நட்ட சுமைதாங்கிக்கல் நல்லா இருக்குது. வயித்துப் பிள்ளையோட போனவ சுமை இறங்கட்டும்னு நடறது நம்ம வழக்கம். வழியில போறவங்க தலைச்சுமையை அது மேல இறக்கி வெச்சா, உள்ளே சுமந்துக்கிட்டுப் போனவளுக்கும் கொஞ்சம் இறங்குமாம். இப்ப யார் தலையில சுமை தூக்கிட்டு நடக்கறாங்க? அது மேல செல்லைத்தான் வைக்கிறாங்க. அதுல நீ பேசறே.

ஆமா சிட்டு. செல்லுல, வாட்ஸப்புல நீ ஆரம்பிச்ச ‘மாங்காக் கூட்டம்’ இன்னும் இருக்குது. படிக்கத் தெரியாத பிள்ளைத்தாச்சிகளுக்காக நர்சம்மா மலர்விழிகிட்டக் கேட்டுக் கேட்டு நீ பேசி அனுப்பினியே, அதெல்லாம் ஓமலூர் வரைக்கும் போயிருச்சு. “ஏனுங் சாமிகளா, இன்னைக்கு யார் யார் வாந்தி எடுத்தீங்க, கை தூக்குங்க”ன்னு நீ கேட்டா, தறிப்பட்டறைப் பொண்ணுங்க இப்பவும் கையைத் தூக்கிட்டுச் சிரிக்கறாங்க. செத்தவ கேக்கறாளேன்னு ஒருத்திக்கும் தோணலை. பஸ்சுல போறப்ப கல்லுப் பக்கம் உன் சிரிப்புக் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போகும். ஜன்னலைச் சாத்திக்குவேன்.

ஆத்தூர்ப் பக்கத்திருந்து ஒருத்தி வந்து கல்லுக்குச் சூடம் ஏத்தினா. ஏம்மான்னு கேட்டேன். சாமியே வாய் திறந்து சொல்லுச்சுங்கன்னா. போட்டுக் காட்டினா. “பயப்படாதீங்க சாமி, நானிருக்கேன்”னு நீ எப்பவும் சொல்றதுதான். நம்ம பக்கம் பெத்த பிள்ளையும் சாமி, பால்காரரும் சாமி. அவ ஊர்ல சாமின்னா கோயில்ல இருக்கறது மட்டும்தான். அதனால அவ காதுல “பயப்படாதீங்க, சாமி நானிருக்கேன்”னு விழுந்திருக்குது. நான் எத்தனை சொல்லியும் கேக்கலை. அவளோட போயிருந்தா பரவாயில்லை. நம்ம ஊர்க்காரிகளும் அப்படியே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதுல உன் தம்பி கதிர் பொண்டாட்டி தேவிப்ரியாவும் ஒருத்தி. கதிர் போர் போடற ரிக்கு வண்டியோட ஆந்திராப் பக்கம் போயிருந்தான். இவளுக்கு எட்டாம் மாசம். கால் ரெண்டும் வீங்கி, செருப்பு ஏற மாட்டேங்குது. தலை வலிக்குது, கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி மின்னுதுன்னா. மலர்விழி ஊட்டுக்கே வந்து பிரஷரைப் பார்த்துட்டு, இப்பவே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்னு கத்தினா. இவ அசையலை. நாத்தனார் உன்னை அவ நங்கையான்னுதானே கூப்பிடுவா; நங்கையா சொல்லீட்டாங்க, எனக்கொண்ணும் ஆகாதுன்னு உன் பேச்சைப் போட்டா.

நீ கடைசியாப் பேசினது அது. “கால் வீங்குனா பயப்படாதீங்க சாமி, நானிருக்கேன். தலைகாணி மேல காலைத் தூக்கி வெச்சுப் படுங்க. ஊட்டுக்காரரை அமுக்கி உடச் சொல்லுங்க. மாட்டேன்னா அன்னைக்கு அவருக்கு வெறும் ரசம்தான். மீதிய நாளைக்குச் சொல்றேன்.” அடுத்த நாள் செக்கப்புக்குப் போற வழியிலதான் அந்த லாரி.

என் மக தப்பாச் சொல்லிட்டாளான்னு மலர்விழியைக் கேட்டேன். தப்பில்லீங்க, பாதிதான் சொல்லியிருக்கான்னா. வெறும் வீக்கம்னா காலைத் தூக்கி வைக்கலாம், அதோட தலைவலியும் கண்ணுல மின்னறதும் சேர்ந்தா ஒரு நிமிஷம் ஊட்டுல இருக்கக் கூடாதுங்க, ஒரேயடியாச் சொன்னா தூங்கிடுவாளுக, ரெண்டாப் பிரிச்சுப் போடறேன்னு உங்க மக மோகனா சொன்னாங்கன்னா. அந்த மீதி உன்னோடவே போயிருச்சு.

நான் தேவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். காலைக்கூடப் புடிச்சேன். அவ சொல்றா: யூட்யூப்புல ஒருத்தர் பப்பாளி தின்னுங்கறாரு, ஒருத்தர் தொடாதேங்கறாரு. நர்சம்மா எதைக் கேட்டாலும் திட்டறாங்க. நங்கையா ஒருத்தர்தான் சிரிக்க வெச்சு நெசத்தைச் சொன்னவங்க. அவங்க வாயால மீதியைச் சொல்லட்டும், எந்திரிச்சு வாரேன்.

நம்ம ரெண்டு பேர் குரலும் ஒண்ணுன்னு ஊரே சொல்லும். உன் ஊட்டுக்காரரே போன்ல ஏமாந்து என்கிட்ட, சினிமாவுக்குப் போலாமா கண்ணுன்னு கேட்டுட்டு, அப்புறம் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கலை. அது ஞாபகம் வந்துச்சு. சார்ஜ் போட்டு வெச்சிருந்த உன் செல்லை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினேன். குழாயை இறுக்கி மூடினேன். “ஏனுங் சாமிகளா”ன்னு ஆரம்பிச்சேன். என் வாயில உன் பேச்சு வந்தது எனக்கே பயமா இருந்துச்சு. தலைவலியைச் சொன்னேன், கண்ணு மின்னறதைச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னேன். அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்லை. செல்லை அமுக்கினபடியே சுவத்தைப் புடிச்சு நின்னுட்டு, அப்புறம் கூட்டத்துக்கு அனுப்பினேன்.

வெளிய அவ செல்லு கத்துச்சு. உன் பேர் அதுல வந்து எத்தனையோ நாளாச்சு. அவ அலறுவான்னு நினைச்சேன். அலறலை. முழுசும் கேட்டா. செல்லைக் கண்ணுல ஒத்திக்கிட்டுச் சிரிச்ச முகமா எந்திரிச்சு நின்னா. நங்கையா மீதியைச் சொல்லீட்டாங்க அத்தை, கிளம்பலாம்னா. மலர்விழி என்னைப் பார்த்தா, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

நூத்தியெட்டு வண்டியில என் கையைப் புடிச்சுக்கிட்டு அவ சொன்னா: நெஞ்சுக்குழிக்குக் கீழ காலையிலிருந்து வலிக்குது அத்தை, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை, நங்கையாவுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. நான் அப்ப அதைக் காதுல வாங்கலை. டாக்டரம்மா சொன்னப்பத்தான் திக்குன்னுச்சு. அந்த வலி ரொம்பக் கெட்டதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்குமாம். உடனே ஆப்பரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தாங்க. பொண்ணு. கண்ணாடிப் பெட்டியில இருந்துட்டு இப்பத் தாய்கிட்ட வந்திருச்சு. கதிர் வந்துட்டான். தேவி பிழைச்சுக்கிட்டா.

பயம் தெளிஞ்ச பிறகு, நான் பேசினதைப் போட்டுக் கேட்டேன். தலைவலி வருது, மின்னறது வருது, ஓடுங்கங்கறது வருது. அப்புறம் சத்தமில்லை. நான் சுவத்தைப் புடிச்சு நின்ன நேரம். அதுக்கு அப்புறம், விக்கல் மாதிரி இழுத்துச் சிரிக்கற உன் சிரிப்பு. “நெஞ்சுக்குழிக்குக் கீழ வலிச்சாலும் உக்காந்திருக்காதீங்க சாமி. அவ்வளவுதான். வாரேன்.”

அந்த வலி உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுதுன்னு மலர்விழி கேக்கறா. அவ அவசரத்துல எனக்கு ரெண்டுதான் சொன்னாளாம். மூணையும் சொன்னது உனக்குத்தானாம். எனக்கு அந்த வலியைப் பத்தித் தெரியவே தெரியாது. என் வாய்தான் என்னை அறியாமப் பேசுச்சோ என்னமோ. ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு வராதே சிட்டு. குரல் ஒண்ணா இருந்தாலும் சிரிப்பு உனக்கு உங்கப்பன் சிரிப்பு.

இப்ப மலர்விழி கல்லுக்கிட்டயே வந்து உக்காந்துக்கறா. பொண்ணுங்க கேக்கறதுக்கெல்லாம் திட்டாமப் பதில் சொல்றா. உன்னை மாதிரிச் சிரிக்க வைக்கவும் பார்க்கறா. அவளுக்குச் சரியா வரலை, அதுக்கே எல்லாரும் சிரிக்கறாங்க. இனிக் கேக்கறதை இவங்ககிட்டக் கேளுங்கன்னு நானும் சொல்லிட்டேன். நீ உன் சுமையை இறக்கி வெச்சுட்டுப் படு சாமி. உனக்கும், நான் முகம் பார்க்காத என் பேரப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராம இருக்கட்டும்.

உன் அம்மா,
பொன்னாத்தாள்

மடிச்சுட்டு மறுபடியும் பிரிச்சேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எப்பவும் மீதிய நாளைக்குச் சொல்றேன்னுதானே முடிப்பே. இந்தத் தடவை அவ்வளவுதான், வாரேன்னுட்டே. நம்ம ஊர்ல கிளம்பிப் போறவளும் வாரேன்னுதான் சொல்லுவா, வாசல்ல வந்து நிக்கறவளும் வாரேன்னுதான் சொல்லுவா. இதை எழுதறப்ப உன் தம்பி மக என் மடியில படுத்திருக்கா. தூக்கத்துல, விக்கல் மாதிரி இழுத்துச் சிரிக்கறா. நீ சொன்னது எந்த வாரேன் சாமி?