கம்பி தெரியும் ஈறு

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பல் டாக்டர் ஃபரீதாவிடம். மேல்வரிசை முன்பல் விழுந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க. இன்றே வேலை ஆரம்பிக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் பக்கத்துப் பல்லின் ஈறுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

"பாருங்க சார், கம்பி வெளியில தெரியுதா?"

தெரிந்தது. ஈறுக்கு அடியில் சாம்பல் கோடு.

"ஒங்களுக்கு மெல்லிசு ஈறுங்க. தடிப்பா இருந்தா உள்ள இருக்கிற உலோகத்த மறைச்சிடும். இதுல நிழலடிக்கும். போகப் போக ஈறு மேல ஏறி இம்ப்ளான்ட் திருகே தெரிஞ்சாலும் தெரியும். மொதல்ல ஈற தடிப்பாக்கணும்."

அண்ணத்திலிருந்து சதை எடுத்து அங்கே வைத்துத் தைப்பது. ஆறுவதற்குச் சில மாதம். பிறகுதான் இம்ப்ளான்ட். கழற்றி மாட்டும் பல்லும் இப்போதைக்குக் கூடாது. அழுத்தினால் வைத்த சதை பிடிக்காது.

"பேப்பர் நிருபர், நாலு பேரப் பாத்துப் பேசுற வேல டாக்டர்."

"பேசுங்க சார். யாரு வேணாங்கறா?"

நவ. 6, வியாழன்

நேற்று தையல் போட்டாயிற்று. கஞ்சி, ஆறவைத்து. அந்தப் பக்கம் பிரஷ் கூடாது. உதட்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. (பார்த்தேன்.)

கை தானாக வாய்க்குப் போகிறது. பால் வாங்கும்போதுகூட.

செல்வி: "ஒரு பல்லுக்கு இவ்ளோ வெக்கமா? கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்படி வெக்கப்படல."

நவ. 8, சனி

மழை விட்டது, கடல் அடங்கவில்லை. செய்தி சேகரிக்க மீனவ கிராமம் கிளிஞ்சல்மேடு. ஃபைபர் படகில் தனியாகப் போன மீனவர் இன்னும் கரை சேரவில்லை. மனைவி அமுதா பேசினார். படகின் அடையாளத்தைப் பேப்பரில் போடச் சொன்னார். வேதாரண்யம் பக்கம் ஒதுங்கியிருந்தால் யாராவது பார்த்துச் சொல்வார்களே என்று. அடையாளம் சொல்ல ஆரம்பித்தவர் அழுதுவிட்டார். நான் ஏதோ கேட்க வாய் திறந்தேன். கை போய் மூடியது.

அவர் தம்பி சேகர் பார்த்துவிட்டார்.

"என்னா சார், அக்கா அழுவுறது ஒங்களுக்கு சிரிப்பா இருக்கா? வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறீங்க?"

அமுதா அழுகையை நிறுத்திவிட்டார். என் கையையே பார்த்தார். கையை எடுத்திருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் எடுக்கவில்லை. "இல்ல, இல்ல" என்று கைக்குள்ளேயே முனகல்.

"கெளம்புங்க சார்."

கிளம்பினேன். செய்தியில் எழுதியது: குடும்பத்தினர் பேச முன்வரவில்லை.

நவ. 9, ஞாயிறு

பேப்பர் வந்தது. அந்த வரி அப்படியே. ஆபீஸ் செய்தி டெஸ்க்கில் யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் எழுதினால் சரியாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

செல்வி படித்துவிட்டு: "பாவம், பேசக்கூட முடியல போல அந்தப் பொண்ணால."

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டேன். தையலால் அல்ல.

சாயங்காலம் மறுபடி கிளிஞ்சல்மேடு. ஆள் இன்னும் வரவில்லை. சேகர் எழுந்து வந்தார். "இன்னும் சிரிக்க மிச்சம் இருக்கா?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அமுதாவிடம் சொன்னேன்.

"சிரிக்கலம்மா. பல்லு இல்ல, அத மறைச்சேன். நீங்க பேசலன்னு எழுதினது பொய்."

உதட்டைத் தூக்கிக் காட்டினேன். ஓட்டை, வீங்கிய ஈறு, கறுப்பு நூல். அமுதா கிட்ட வந்து பார்த்தார்.

"இதுக்கா சார்?"

சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அமுதா நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நின்றபடியே எழுதிக்கொண்டேன்.

பச்சைப் படகு. ஓரத்தில் நீலப் பட்டை. இன்ஜின் மூடி சிவப்பு, ஒரு பக்கம் உடைந்தது. முன்முனையில், அணியத்தில், மகள் பெயர், வெள்ளை எழுத்தில்: யாழினி.

டெஸ்க்குக்குப் போனில் படித்துக் காட்டியாயிற்று. நாளை வரும். இன்றே வந்திருக்க வேண்டியது.