மூத்த மனைவி வழி வாரிசு

செவ்வாய் இரவு, ஹேடோ, அந்தமான்

என் கணவரின் முப்பாட்டனார் ஆயிரத்து எண்ணூறுகளில் கைதியாக இங்கே வந்தவர். விடுதலையானதும் இந்த நிலத்தைத் திருத்தி, இங்கேயே இரண்டாவது கல்யாணமும் செய்துகொண்டார். ஊரில் விட்டுவந்த மூத்த மனைவி வழியில் வந்த ஒருவன் இன்று கப்பலில் வந்திறங்கிப் பங்கு கேட்டான்.

கணவர் சண்டை போடுவார் என்று பயந்தேன். அவரோ அவன் இலையில் இன்னும் மீன் வைக்கச் சொன்னார்.

"தம்பி, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"பரவாயில்ல. காலையில டிங்கிப் படகுல மீன் பிடிக்கப் போவோம்."

"நம்ம பையனையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"வேணாம். நாங்க ரெண்டு பேர் போதும்."

விருந்தாளி கூடத்தில் நிம்மதியாகத் தூங்குகிறான். படகு எஞ்சினுக்கு வைத்திருந்த பெட்ரோலைச் சற்றுமுன் கொல்லையில் கொட்டினேன். திரும்பினால், பின்வாசற்படியில் கணவர் நின்றிருந்தார்.