பொறிக்கு வராத எலிகள்

மார்ச் 3, செவ்வாய்

அறுபது பொறி, பதினோரு எலி. பதினொன்றும் முன்பே பிடித்து எண்ணி, காதில் எண் தகடு மாட்டிவிட்ட பழைய ஆட்கள்தான். ஏழாம் எண் ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. கடலையைத் தின்று, பஞ்சில் தூங்கி, கதவைத் திறந்தால் மாப்பிள்ளை மாதிரி மெதுவாக இறங்கிப் போகிறது.

மார்ச் 4

பேராசிரியர் கணக்குப் போட்டுவிட்டார். நாங்கள் பொறி வைக்கும் புதர்க்காட்டில் மொத்தமே பன்னிரண்டு எலியாம். "புதுசா ஒண்ணும் விழலையேம்மா. அப்ப இருக்கறதெல்லாம் பிடிச்சாச்சுன்னுதானே அர்த்தம்?"

இருபதுக்குக் குறைந்தால் புதரை மழித்துக் கிடங்கு கட்ட அனுமதி கிடைத்துவிடும். அறிக்கையின் கீழே என் கையெழுத்தும் வேண்டுமாம்.

வேலி ஓரம் முழுக்கப் புதுப் புழுக்கை. அதைப் போட்டது யார், பேராசிரியரா?

மார்ச் 5

நேற்று மாலை வேலி ஓரத்தில் ஒரு பொறி வைத்து, சுற்றிலும் மாவு தூவினேன். காலையில் பொறியைச் சுற்றிச் சுற்றிக் காலடி. வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. சாரிடம் காட்டினேன். "உள்ள வராததை எப்படிம்மா எண்ணறது?" பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா? இவர் மூடினால் மட்டும்?

மார்ச் 6

கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. தொடக்கத்தில் வேலி ஓரம் இருபது பொறி வைத்திருந்தேன். இரண்டு நாள் காலி. "சும்மா கிடக்கறத எடுத்து, விழற இடத்துல வைங்க" என்றார். வைத்தேனே! கூச்சக்கார எலிகள் பொறிக்குப் பழகுவதற்குள் அதைப் பிடுங்கி, ஓசிச்சோற்றுக் கூட்டத்துக்குப் பந்தி போட்டிருக்கிறேன். படிச்ச முட்டாள்டி நீ.

மார்ச் 7

போனில் அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். "விருந்துன்னா என் வீட்டுக்காரர் முதல் பந்தியில உட்காருவாரு. நான் கை கழுவவே யோசிப்பேன். அதுக்காக நான் ஆளே இல்லைன்னு ஆயிடுமாடி?"

மார்ச் 8

இருபது பொறியையும் வேலி ஓரத்துக்கே கொண்டுபோனேன். கதவு மூடாதபடி கம்பியால் கட்டிவிட்டேன். வரட்டும், தின்னட்டும், போகட்டும்.

"விளையாடறீங்களா? ஒரு வாரம் வீண்!" என்று கத்தினார்.

"அப்ப அறிக்கையில நீங்களே கையெழுத்துப் போட்டுக்குங்க சார்" என்றேன்.

மார்ச் 12

இருபது பொறியிலும் கடலை காலி.

மார்ச் 14

நேற்று மாலை கம்பிகளை அவிழ்த்தேன். இன்று காலை பதினேழு பொறி மூடியிருந்தது. பதினேழு எலி, ஒன்றின் காதிலும் தகடு இல்லை! ஒருத்தி என் விரலைக் கடித்துவிட்டாள். கடிடி, நல்லாக் கடி. சார் ஒவ்வொரு காதாகப் பார்த்தார்.

மார்ச் 17

அறிக்கை போய்விட்டது. குறைந்தது இருபத்தெட்டு எலி, புதரைத் தொடக் கூடாது. கதவைக் கட்டிவைத்துப் பழக்கும் முறை பற்றி ஒரு முழுப் பக்கம், அவர் பெயரில். என் பெயர் எங்கும் இல்லை. கேட்டேன். "நீங்கதானேம்மா கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்னீங்க?"

புதர் பிழைத்தது. பரவாயில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.