வாய்க்கால் பாலத்தில் உங்கள் பெயர்

என் அப்பாவுக்கு,

இல்லை, பாலத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. உங்கள் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குள் அதில் உங்கள் பெயரைப் பளிச்சென்று எழுதிவிட வேண்டும் என்று சித்தப்பா நச்சரிக்கிறார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார், அப்பா. கடைசி மாதங்களில் உங்களைக் கைக்குழந்தைபோலத் தூக்கிக் குளிப்பாட்டியவர். உங்களுக்குக் குழி வெட்டியவர். அவரை அடக்கம் செய்த அன்று விடாத ஐப்பசி மழை.

காலனிச் சாவு நம் கோயில் தெரு வழியாகப் போகக்கூடாது. வயல் பக்கமாகச் சுற்றி, வாய்க்காலைத் தாண்டித்தான் கல்லறைக்குப் போக வேண்டும். இம்முறை அவர்கள் பெட்டியை நம் தெருமுனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சித்தப்பா குறுக்கே நின்றார்.

"அண்ணன் உங்களுக்குன்னுதானே பாலம் கட்டிக் குடுத்தாரு? அதுல போக என்ன கேடு?"

"நெல்லு மூட்டையோட போனா தேயாத தெரு, பொட்டியோட போனா தேஞ்சிருமா?" இது சவரி அண்ணனின் தம்பி.

நான் வாசலிலிருந்து இறங்கிப் போனேன். "வழிய விடுங்க சித்தப்பா."

"உங்கப்பா இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. நீ உள்ள போ."

வந்திருக்காதா அப்பா?

பாலம் வருவதற்கு முன் ஒரு மழைக்காலத்தில், இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர்கள் போனதைப் பார்த்துவிட்டு வந்து, நீங்கள் சாப்பிடவில்லை. அழுதீர்கள். அடுத்த கோடையில் பாலம் வந்தது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். "ஆண்டவர் மனசத்தான் பாக்குறாரு" என்றீர்கள்.

உங்கள் மனதில் பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு உறங்கியிருப்பேன்.

கடைசியில் சவரி அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்காதான் சொன்னார். "போதும், திருப்புங்க. மனுசன் நனையுறாரு." என்னைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். "ஐயா நல்லவருதான் பாப்பா. எங்களுக்காக அழுதாரு. தெரு வழியா வாங்கன்னு மட்டும் சொல்லல."

பாலத்தின் மேல் போனார்கள். யார் காலிலும் தண்ணீர் படவில்லை.

பெரிய வியாழன்தோறும் கோயிலில் சாமியார் பாதம் கழுவுவதற்காக உட்காரும் பன்னிரண்டு பேரில் நீங்களும் ஒருவர். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போவீர்கள். ஏன் அப்பா?

பாலத்தை இடித்துவிடத் தோன்றுகிறது. இடித்தால் அடுத்த மழையில் தண்ணீரில் இறங்கப்போவது அவர்கள்தான். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. நல்ல மனதைக் கொடும் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த பெட்டி தெருமுனைக்கு வரும்போது நான் வாசலில் நிற்கமாட்டேன். பெட்டிக்கு முன்னால் நடப்பேன். சித்தப்பா என்னைத் தள்ளிவிட்டுத்தான் அதைத் தடுக்க வேண்டியிருக்கும். தள்ளிவிடுவார் என்றும் தெரியும்.

உங்களை இன்னும் நேசிக்கிற,
உங்கள் மகள்.

இதை எழுதி முடித்ததும், பாலத்துக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாளியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.